மலையகத்து வாசல்: ஒரு தரையின் வரலாறு

பூண்டுலோயாவை அடுத்த டன்சினேன் தோட்டத்தில் 2018 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 404 புதிய வீடுகள் தொழிலாளர் குடும்பங்களிடம் கையளிக்கப்பட்டன. இந்திய அரசின் உதவியுடன் கட்டப்பட்ட அவ்வீடு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 550 சதுர அடி கொண்டது. நிலம் 7 பேர்ச். அதாவது, சற்றுக் கூடக்குறைய 1,900 சதுர அடி. வீட்டின் அளவைக் கழித்துவிட்டால் சுற்றுப்புறமாக எஞ்சுவது 1,350 சதுர அடி வெறும் மண். இத்தகைய வீடுகளில் குடிபுகும் எந்தக் குடும்பத்துக்கும் முதல் மழையோடு ஒரு கேள்வி எழும்: சமையலறைக்குப் பின்னே கிடக்கும் இந்த மண்ணை என்ன செய்வது? சாணம் மெழுகுவதா, கல் பாவுவதா, கடன்பட்டாவது சீமெந்து போடுவதா?

நகரத்தில் வாழ்வோருக்கு இது ஒரு வரலாற்றுக் கேள்வியாகவே தோன்றாது. கொத்தனாரை அழைத்து விலை கேட்டு முடிக்க வேண்டிய காரியம் என்பர். ஆனால் இலங்கையின் மலைநாட்டிலே, தேயிலையும் அதற்கு முன் கோப்பியும் விளைந்த சரிவுகளிலே, தன் காலடித் தரை எதனால் ஆக வேண்டும் என்பதைத் தொழிலாளி தானே தீர்மானிக்கும் நிலை தோன்ற ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது. ஏன் அவ்வளவு காலம் சென்றது என்று வினவினால், அந்த வெறும் மண்ணுக்குள்ளிருந்தே மலையகத்தின் வரலாறு வெளிப்படுகிறது. அதனை நாம் இங்கு ஆராய்வோம்.

முதலிற் சொற்களைக் கவனிப்போம். தோட்டத் தொழிலாளி குடியிருந்த நெடுங்கட்டடத்துக்கு லயம் என்று பெயர். ‘லைன்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு அது. ஆயினும் குதிரை கட்டும் லாயத்தை அது நினைவூட்டுவதைத் தமிழ்க் காது தவறவிடுவதில்லை. லயத்தில் உள்ள அறைக்குக் காம்பரா என்று பெயர். போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். அறைக்கு முன்னுள்ள ஒடுங்கிய திண்ணைக்கு இஸ்தோப்பு என்று பெயர். ஒல்லாந்தரிடமிருந்து சிங்களத்துக்கும், சிங்கள வழக்கிலிருந்து மலையகத் தமிழுக்கும் வந்த சொல். மூன்று ஐரோப்பிய ஆட்சிகளும் அந்தச் சிறு குடியிருப்பினுள் தம் பெயரைப் பொறித்துவிட்டன. இஸ்தோப்பைத் தாண்டி இறங்கும் மண்தரை மட்டும் ‘வாசல்’ என்று தமிழாகவே நின்றது. பெயர் தமிழாக நின்றதேயன்றி, வாசல் தமிழனுடையதாக நின்றதா என்பதுதான் நம் கேள்வி.

மலைநாட்டுத் தோட்டங்களில் நேர்த்தியாகத் தளமிடப்பட்ட முற்றம் முதன்முதலில் யாருக்காக அமைந்தது தெரியுமா? மனிதனுக்காகவன்று, கோப்பிக்கொட்டைக்காக. கோப்பிப் பழத்தின் சதையை நீக்கி, புளிக்கவைத்து, கழுவி எடுத்த கொட்டையை வெயிலில் உலர்த்த வேண்டும். வெறுமண்ணில் உலர்த்தினால் கோப்பி மண்வாடையைப் பற்றிக்கொள்ளும். லண்டன் சந்தையில் விலை சரியும். ஆதலால் கற்களைப் பரப்பி இறுக்கி, மேலே சாந்து பூசி வழவழப்பாக்கி, மழைநீர் தேங்காமல் ஓடுமாறு சிறு சரிவும் கொடுத்து உலர்களம் அமைத்தனர். ‘பார்பிக்யூ’ என்று துரைமார் அதனை அழைத்தனர். 1870 களின் தொடக்கத்தில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 10 இலட்சம் அந்தர் கோப்பி இலங்கையிலிருந்து ஏற்றுமதியாயிற்று. அத்தனை கொட்டையும் ஏதோ ஒரு தளத்தின்மீது காய்ந்தே கப்பலேறியது. தளமிடும் வித்தையை அக்காலத் தோட்ட நிர்வாகம் அறியாமலிருந்தது என்று எவரும் சொல்ல முடியாது. சரிவு எவ்வளவு வேண்டும், ஈரம் எவ்வாறு வெளியேற வேண்டும், மண் ஏன் கூடாது என்பதெல்லாம் நன்கு தெரிந்திருந்தது. தெரிந்த வித்தை விலைபோகும் பொருளுக்குப் பயன்பட்டது. அப்பொருளை விளைவித்தவனின் குடிசைக்கு நூறு அடி தூரம் வந்து சேரவில்லை.

இதற்கு நிர்வாகம் ஒரு நியாயம் கூறக்கூடும். கோப்பிக் காலத்துத் தொழிலாளி நிலையாகத் தங்கியவனல்லன். தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணியின் பின்னே புறப்பட்டு, கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்து, வழியில் வாந்திபேதிக்குத் தப்பினால் மலையேறி, அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பியவனே அவன். வந்தவர்களில் ஆண்களே பெரும்பான்மை. சில மாதம் முடங்கிக் கிடக்க ஒரு கூரை போதும் என்று கருதியே லயம் கட்டப்பட்டது. அது வீடாக வகுக்கப்பட்டதன்று, பாசறையாக வகுக்கப்பட்டது. பாசறைக்கு வாசல் எதற்கு?

ஆனால் 1869 இல் தோன்றிய இலைத்துரு நோய் சில ஆண்டுகளில் கோப்பியை அழித்தது. அதற்கு முன்பே, 1867 இல், ஜேம்ஸ் டெய்லர் லூலகந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். அவர் தம் பங்களா விறாந்தையிலே மேசைமீது கையால் கொழுந்தை உருட்டியே முதலில் தேயிலை செய்தார் என்பது வரலாறு. நூறாயிரக்கணக்கான ஏக்கரில் பரவிய ஒரு கைத்தொழில், ஒரு துரையின் விறாந்தையிலே பிறந்தது.

தேயிலை ஒரு பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. கோப்பிபோல் அதற்குப் பருவமில்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். பறிப்பதற்குப் பெண்கள் வேண்டும். பெண்கள் வந்தால் குடும்பம் வரும். குடும்பம் வந்தால் அடுப்பும் தொட்டிலும் வரும். வாசல் தெளித்துக் கோலமிட ஒரு கையும் வரும். முதலாளித்துவம் தன் தேவைக்காகவே மலைநாட்டில் ஒரு நிலையான சமுதாயத்தை உண்டாக்கிற்று. ஆனால் அச்சமுதாயம் குடியிருந்த கட்டடத்தின் வரைபடம் மட்டும் மாறவில்லை. 10 அடிக்கு 12 அடி என்ற காம்பராவே பொதுவான அளவாக நீடித்தது. சில லயங்களில் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசை. பின்சுவருக்கு அப்பால் வேறொரு குடும்பம். பின்புறம் என்பதே இல்லை. பருவத்துக்கு வந்து போகும் ஆளுக்காக வரைந்த கோட்டுக்குள் பல தலைமுறைகள் பிறந்து இறந்தன. மலையகத்தின் வாசற் பிரச்சினைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது: குடும்பம் வந்தது; குடும்பத்துக்குரிய நிலம் வரவில்லை.

அந்த நாளையத் தோட்டத்தில் மூன்று வகைத் தரைகளைக் காணலாம். முதலாவது, தொழிற்சாலையின் தரை. உருட்டிய கொழுந்தை மெல்லியதாகப் பரப்பிப் புளிக்கவைக்கும் அறையில் சீமெந்துத் தளமோ ஓடு பதித்த தளமோ இருக்கும். நாள்தோறும் கழுவித் துடைக்கப்படும். பழைய சாறு ஒரு துளி எஞ்சினாலும் புதிய தேயிலையின் மணம் கெடும் என்பதால் அத்தனை கவனம். இரண்டாவது, பெரட்டுக்களம். ‘பரேட்’ என்ற படைச்சொல்லே பெரட்டு ஆயிற்று. விடியுமுன் தப்பொலி கேட்டு எழுந்து, பனியில் வந்து வரிசையாக நின்று, பெயர் கொடுத்து, அன்றைய மலையைத் தெரிந்துகொள்ளும் இடம். அங்கே ஆள் எண்ணப்பட வேண்டும். அதற்கு வேண்டிய அளவுக்கு அது சமப்படுத்தப்பட்டிருந்தது. மூன்றாவது, லயத்து வாசல். அதற்கு எந்தப் பேரேட்டிலும் செலவுக் கணக்கில்லை. கொழுந்துக்கு ஒரு தரை, கணக்குக்கு ஒரு தரை, மனிதனுக்கு வந்தது வெறும் சேறு என்றால் அது மிகையாகாது.

ஆயினும் அந்தச் சேற்றை வாசலாக்கியவள் ஒருத்தி இருந்தாள். நாள் முழுதும் கூடை சுமந்து மலையேறி இறங்கிய பெண், மாடு வளர்க்க இடமிருந்த தோட்டங்களில் சாணம் திரட்டி, மண்ணோடு கலந்து, காம்பராவையும் இஸ்தோப்பையும் மெழுகினாள். இதனை வெறும் சம்பிரதாயம் என்று ஒதுக்கிவிடுவது அறியாமை. மண்ணை நனைத்துத் திமிசுக் கட்டையால் அடித்து இறுக்கி, களிமண்ணும் சாணமும் கலந்து பூசினால் புழுதி அடங்கும். சாணத்திலுள்ள நார் களிமண் வெடிக்காமல் பிடித்துக்கொள்ளும். இரவுக் குளிர் எலும்பைத் துளைக்கும் நுவரெலியாவில் சீமெந்துத் தரையிற் படுப்பதிலும் மெழுகிய மண்தரையிற் படுப்பது இதமானது என்று முதியோர் கூறுவதிலும் உண்மை உண்டு. ஆனால் அத்தரை தஞ்சாவூரின் வெயிலுக்கு ஏற்றது; வட்டவளையின் மழைக்கு ஏற்றதன்று. ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் பகுதி அது. தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் மெழுகிய ஈரம் காய்வதற்குள் அடுத்த மழை வரும். மெழுகுவதும் கரைவதுமாகப் பெண்ணின் உழைப்பில் பாதி வாசலிலேயே கரைந்தது. அந்த உழைப்புக்கு எந்தச் சம்பளச் சபையும் விலை நிர்ணயித்ததில்லை.

கரைந்தது உழைப்பு மட்டுமன்று, உடம்புந்தான். ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் கொழுக்கிப் புழுவின் முட்டைகள் பொரிக்கும். அவற்றிலிருந்து வரும் நுண்புழுக்கள் வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே செல்லும். குடலைப் பற்றி இரத்தத்தை உறிஞ்சும். தோல்வழியே அவை நுழைவதை 1898 அளவில் கெய்ரோ நகரில் ஆர்தர் லூஸ் என்ற விஞ்ஞானி கண்டறிந்தார். 1916 இல் ராக்பெல்லர் நிறுவனத்தின் சுகாதாரக் குழுவினர் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொழுக்கிப் புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியபோது, தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரைப் புழு பற்றியிருந்ததைக் கண்டனர். மருந்து கொடுத்தார்கள், புழு வெளியேறியது, சில மாதங்களில் மீண்டும் பற்றியது. காரணம் வெளிப்படை. மருந்து உண்டவன் மறுநாளும் அதே மண்ணில் வெறுங்காலுடன் நின்றான்; லயங்களுக்கு மலசலகூடம் இல்லை. மலசலகூடம் கட்டுவது தோட்டக்காரரின் செலவு. வெளுத்த நகமும் மூச்சிரைப்பும் கொண்ட மக்களைச் சோம்பேறிகள் என்று ஏசியோர், சோம்பல் என்று தாம் அழைத்தது இரத்தச்சோகை என்பதை ஒப்புக்கொள்ள விரும்பவில்லை. ஒப்புக்கொண்டால் செலவு செய்ய வேண்டும்.

வாசலின் தரை ஓர் உடல்நலப் பிரச்சினை என்பது இன்று ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுள்ளது. மெக்சிக்கோ நாட்டின் கோவாவிலா மாநிலத்தில் 2000 ஆம் ஆண்டு ஏழைகளின் மண்தரை வீடுகளுக்குச் சீமெந்துத் தளமிடும் திட்டம் தொடங்கியது. ‘உறுதியான தரை’ என்பது அதன் பெயரின் பொருள். வீடு முழுவதும் மண்ணுக்குப் பதில் சீமெந்து இடப்பட்டபோது சிறுவரிடையே ஒட்டுண்ணிப் புழுக்கள் 78 வீதமும், வயிற்றோட்டம் 49 வீதமும், இரத்தச்சோகை 81 வீதமும் குறைந்தன என 2009 இல் வெளியான ஆய்வு காட்டியது. சில மூட்டைச் சீமெந்தின் ஆற்றல் அவ்வளவு. சீமெந்து என்ன, கிடைத்தற்கரிய பொருளா? போட்லந்துச் சீமெந்துக்கு இங்கிலாந்தில் உரிமம் பெறப்பட்டது 1824 இல். இலங்கையின் மலைகளில் கோப்பித் தோட்டங்கள் பெருகத் தொடங்கிய காலத்துக்கும் முன்பு. காங்கேசன்துறையில் 1950 முதல் இந்நாட்டிலேயே சீமெந்து உற்பத்தியாயிற்று. பொருள் இருந்தது, அறிவு இருந்தது, கூலிக்கு ஆளும் இருந்தான். இல்லாதது ஒன்றே: அந்த வாசலுக்கு உரியவன் யார் என்ற கேள்விக்கு விடை.

சட்டத்தின் விடை தெளிவானது. காம்பரா வேலையோடு வருவது. வேலை போனால் காம்பராவும் போகும். கேகாலைப் பகுதியிலுள்ள நேவ்ஸ்மயர் தோட்டத்தை அரசு கையேற்றபோது, 1946 இல் அங்கிருந்த தொழிலாளரை வெளியேறுமாறு அறிவித்தனர். போக்கிடமற்றோர் வெளியேற மறுத்தனர். தாம் பிறந்து வளர்ந்த லயத்தில் தங்கியிருந்ததற்காக அவர்கள்மீது குற்றஞ்சாட்டப்பட்டது. மலைநாடெங்கும் வேலைநிறுத்தம் பரவிற்று. அவ்வழக்கு 1950 இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. தனக்கு உரிமை உண்டு என்று நேர்மையாக நம்பித் தங்கியிருப்பவன், அதனால் மற்றவருக்கு எரிச்சல் உண்டாகும் என்பதற்காக மட்டும் குற்றவாளி ஆகமாட்டான் என்று அங்கே கூறப்பட்டது. ஆனால் அதற்குள் 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, அம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கிவிட்டது. வாசலில் நிற்பது குற்றமன்று எனத் தீர்ப்பு. நாட்டில் நிற்பதே கேள்விக்குறி எனச் சட்டம்!

1964 அக்டோபர் 30 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்ளலாம் என்று மனிதரைப் பங்கிட்டார்கள். அடுத்த ஆண்டு கப்பலேறுவோமா, இங்கேயே இருப்போமா என்று அறியாத ஒருவன் தன் வாசலில் கல் பாவுவானா? தரையிடுதல் என்பது நாளையில் நம்பிக்கை வைக்கும் செயல். அந்த நம்பிக்கையையே அரசுகள் பறித்துக்கொண்ட பின், “தோட்டத்து மக்கள் சுற்றுப்புறத்தைப் பேணத் தெரியாதவர்கள்” என்று பழித்தவர்கள் பலர். பழிப்பு எளிது, காரணத்தைத் தேடுவதுதான் கடினம்.

1972, 1975 ஆகிய ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பெனிகளிடம் சென்றது. துரை மாறினார், வாசல் மாறவில்லை. உள்ளூராட்சியேனும் கைகொடுத்ததா? 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் இருந்த நிலையில், தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப்பணத்தைச் செலவிடத் தடை இருந்தது. தோட்ட மக்கள் வாக்களித்துத் தேர்ந்த சபை, அவர்களின் லயத்துக்குப் படிக்கட்டோ கானோ கட்டித்தர முடியாது என்ற விந்தை 2018 இல் அச்சட்டம் திருத்தப்படும் வரை நீடித்தது. எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டமே 2003 இல்தான் வந்தது என்பதை எண்ணினால் இதில் வியப்பில்லை.

இந்தப் பின்னணியில்தான், புதிய வீட்டின் பின்புறத்தில் நின்று “எதைப் போடுவது?” என்று ஒரு குடும்பம் கேட்பதை நாம் காண வேண்டும். ஒன்றரை நூற்றாண்டு மறுக்கப்பட்ட கேள்வி அது. ஆகவே, அதற்கு விடை சொல்வதில் நாமும் பொறுப்போடு நடக்க வேண்டும்.

சீமெந்தே நாகரிகம், எங்கும் அதையே பூசுவோம் என்று முடிவுகட்டுவது சரியன்று. வீட்டினுள்ளும், குழந்தை தவழும் விறாந்தையிலும், பாத்திரம் கழுவும் இடத்திலும், மலசலகூடத்தைச் சுற்றியும் சீமெந்து வேண்டும். மேலே கண்ட காரணங்களால் இதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் முற்றம் முழுவதையும் மூடினால் என்ன நிகழும்? 1,000 சதுர அடித் தளத்தின்மீது ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் திரளும் நீர் ஏறத்தாழ 9,300 லீற்றர். மண் ஒரு பகுதியையேனும் குடிக்கும். சீமெந்து ஒரு துளியும் குடியாது. அவ்வளவும் கீழ்வரிசை வீட்டின் பின்சுவர்மீது பாயும். மலைநாட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் கீழே இன்னொரு வீடு இருக்கிறது. 2014 அக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிய கொடுமையை நாம் மறக்கவில்லை. அபாய இடம் என்று முன்னரே எச்சரித்திருந்தும் மக்கள் அங்கேயே விடப்பட்டிருந்தனர். நீர் ஊறிய சரிவு எதற்கும் இரங்காது என்பதை அம்மலை கற்பித்தது.

ஆதலால் நடமாடும் முற்றத்துக்குக் கருங்கல்லே சிறந்தது என்பது எம் கருத்து. மலைநாட்டில் கல்லுக்குப் பஞ்சமில்லை. தட்டையான கற்களை மணற்படுகைமீது நெருக்கிப் பதித்து, இடுக்குகளில் சிறுசல்லி நிரப்பினால், கால் சேற்றிற் படாது. நீரும் ஓரளவு உள்ளிறங்கும். ஒரு கல் அமிழ்ந்தால் அதை மட்டும் பெயர்த்துச் சரிசெய்யலாம். வீட்டுச் சுவரிலிருந்து விலகிச் செல்லுமாறு சிறு சரிவு கொடுக்க வேண்டும். மேற்புறத்து மண்வெட்டின் அடியில் ஒரு கான் வெட்டி, நீரைப் பொதுக் கானோடு சேர்க்க வேண்டும். எஞ்சிய நிலத்தை மண்ணாகவே விட்டுக் கீரையும் போஞ்சியும் நடலாம். அங்கு இறங்குகையில் செருப்பு அணிவது நன்று. கோலமிட விரும்புவோர் வாசலில் ஒரு முழம் மெழுகிக்கொள்வதை எந்த விஞ்ஞானமும் தடுக்கவில்லை.

ஆனால் பொதுக் கானை வெட்டுவது யார்? இங்கேதான் தனிக் குடும்பத்தின் தெரிவு முடிந்து, ஊரின் தெரிவு தொடங்குகிறது. என் முற்றத்து நீர் உன் சுவரை அரிக்குமானால், என் சீமெந்து உன் இழப்பு. தேயிலை மலையிலே மண் அரியாதிருக்க வரிசை வரிசையாகக் கான் வெட்டியவர்கள் இதே தொழிலாளர்களே. கம்பெனியின் மண்ணைக் காக்கக் கற்ற அவ்வித்தை இனித் தம் மண்ணைக் காக்கப் பயன்பட வேண்டும். 2018 இல் திறந்த சட்டத்தின் வாசல் வழியே பிரதேச சபையிடம் கானும் படிக்கட்டும் கேட்கும் உரிமை இன்று உண்டு. வீடு பெற்ற பலர் உறுதிப்பத்திரத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்ததையும், இன்றும் பெருந்தொகையானோர் லயங்களிலேயே வாழ்வதையும் இதனோடு சேர்த்தே பேச வேண்டும். பத்திரமில்லாத முற்றத்தில் பதித்த கல், பிறருடைய நிலத்திற் பதித்த கல்லே.

ஆசிரியர்களாகவும் மாணவர்களாகவும் உள்ள எம் வாசகர்கள் மலைநாட்டுப் பாடசாலைகளில் வரலாறு கற்பிப்போராகவும் கற்போராகவும் இருக்கக்கூடும். அவர்களுக்கு ஒரு சிறு வேண்டுகோள். ஒரு நாள் பாடப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, பழைய தொழிற்சாலையின் தளத்தையும், பெரட்டுக்களத்தையும், ஒரு லயத்து வாசலையும், ஒரு புதிய வீட்டின் பின்புறத்தையும் அடுத்தடுத்துச் சென்று பாருங்கள். எது எப்போது, எதனால், யார் செலவில், யாருக்காகத் தளமிடப்பட்டது என்று வீட்டிலுள்ள பாட்டிமாரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மழை பெய்யும் நாளாயின் இன்னும் நன்று. நீர் எங்கிருந்து எங்கே ஓடுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.